திசை சொல்லாத குழாய்

மனித 11-பீட்டா ஹைட்ராக்ஸிஸ்டீராய்டு டிஹைட்ரஜனேஸ், முதல் வகை. பெயர்தான் நீளம், ஆய்வகத்துக்கு வந்து சேர்வது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத குழாயின் அடியில் சில சொட்டுத் திரவம். மனித மரபணுவை ஏற்றிய ஈகோலை பாக்டீரியாவில் விளைந்தது, கிளிசரால் கலந்தது, மைனஸ் 80 டிகிரியில் இருக்க வேண்டியது என்பதெல்லாம் இந்த வகைச் சரக்கை வாங்குகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. வாரக்கணக்கில் பயன்படுத்தினாலும் தூய்மையில் குறை சொல்ல இடமில்லை. உறுத்துவது ஒன்றே ஒன்று: கல்லீரலில் எந்தப் பக்கம் வேலை செய்கிறதோ, அதற்கு நேர் எதிர்ப் பக்கம் இழுப்பதுதான் குழாயில் இதன் சுபாவம். கூட வரும் தாளில் அது ஒரு வரியாகக்கூட இல்லை.

இந்த நொதியின் உண்மையான வேலை கார்ட்டிசோனைக் கார்ட்டிசாலாக்குவது. 1948-இல் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் மூட்டுவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார். படுக்கையில் கிடந்தவர் எழுந்து நடந்தார். 1950-இல் நோபல் பரிசு வந்தது. ஆனால் கார்ட்டிசோன் தானாக எதையும் செய்யாது. உடம்பில் இந்த நொதி அதைக் கார்ட்டிசாலாக்கியதால்தான் மருந்து பலித்தது. அந்தத் திசையில் தள்ளுவது இதன் பக்கத்தில் குடியிருக்கும் இன்னொரு நொதி, ஹெக்சோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ். செல்லுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலையின் உட்புறத்தில் என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருளை அது ஓயாமல் புதுப்பித்துத் தருகிறது. அந்தத் துணை நொதி இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் கல்லீரலில், நம் நொதி முழுசாக இருந்தும் திசை மாறிவிட்டது. அதன் மரபணு பழுதான மனிதர்களுக்கும் கார்ட்டிசோன் சரியாகக் கார்ட்டிசாலாவதில்லை. விற்கப்படும் குழாயில் அந்தத் துணை இல்லை. தாளில் அச்சிட்டிருக்கும் செயல்திறன் எண்ணும், கார்ட்டிசாலைக் கார்ட்டிசோனாக்கும் எதிர்த்திசையில் அளந்தது. அளப்பதற்கு அது சுலபம்: உண்டாகும் என்ஏடிபிஎச் 340 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும், எண் தானாக ஏறும்.

இந்த நொதியைத் தடுக்கும் மருந்து தேடுகிறவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: திசை எதுவானாலும் மருந்து போய் உட்காரும் குழி ஒன்றுதானே? பாதி நியாயம். குழி ஒன்றே, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என்ஏடிபியா என்ஏடிபிஎச்சா என்பதைப் பொறுத்துப் பிடிமானம் மாறலாம். துணை நொதியைக் குறிவைக்கும் பொருளோ இந்தச் சோதனையில் அகப்படவே அகப்படாது. குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டும் அதற்குரிய நொதியும் சேர்த்து என்ஏடிபிஎச்சைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் குழாயும் சரியான பக்கம் திரும்பும் என்பது இன்னொரு வாதம். உண்மை, அதைத்தான் செய்ய வேண்டும். அப்படியானால் அந்தக் குறிப்பு வாங்குகிறவரின் அனுபவத்தில் அல்ல, பெட்டியிலேயே இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவர் தாளை நம்பித்தான் சோதனையை அமைப்பார்.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய கோயிலைச் சுற்றியுள்ள நாட்டு மருந்துக் கடைகளில் அதிமதுரம் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது. தோல் பழுப்பு, ஒடித்தால் உள்ளே நார்நாராக மஞ்சள், நாவில் வைத்தால் நின்று இனிக்கும். தொண்டைக் கரகரப்புக்கு நம் வீடுகளில் முதலில் கைபோவது இதற்குத்தான். இதன் கிளிசரைசின், குடல் பாக்டீரியாவால் கிளிசரெட்டினிக் அமிலமாகிறது. ஸ்டீராய்டு நொதியை அழுத்தமாகத் தடுப்பது அந்த அமிலம். குறிப்பாகச் சிறுநீரகத்தில் கார்ட்டிசாலை அடக்கி வைக்கும் இரண்டாம் வகை நொதி தடைபட்டால் உப்பு தேங்கி ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். வேரின் சாற்றை அப்படியே முதல் வகைக் குழாயில் விட்டுப் பார்த்து "பெரிய பாதிப்பில்லை" என்று எழுதினால் மூன்று பிழை சேரும்: நொதி வேறு, திசை வேறு, குடலின் பங்கும் விட்டுப்போயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2003-இல் தொடர்ந்து உட்கொள்வோருக்கு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் கிளிசரைசின் என்று உச்சவரம்பு வைத்தது, மனிதர்களிடம் கண்ட விளைவுகளைப் பார்த்து.

ஆகவே இந்தக் குழாயை வாங்கலாம், முதல் சலித்தெடுப்புக்கு மட்டும். அதில் தேறியதைக் கல்லீரல் மைக்ரோசோமிலோ, இரு நொதிகளும் சேர்ந்து வாழும் செல்லிலோ மறுபடி பார்க்காமல் முடிவு எழுத வேண்டாம். அதிமதுரத்தைப் பற்றி எழுதுவதானால் இரண்டாம் வகையையும் கிளிசரெட்டினிக் அமிலத்தையும் சேர்த்தே வாங்குங்கள். தயாரிப்பாளர்கள் செயல்திறன் எண்ணுக்குப் பக்கத்தில் எந்தத் திசையில், எந்தத் துணைப்பொருளோடு அளந்தது என்று ஒரு வரி அச்சிட வேண்டும். அந்த வரி வரும்வரை, பணம் கட்டும் முன் அவர்களிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.