சித்தன்னவாசல்: ஓவியமும் ஈமக்காடும்

சித்தன்னவாசலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் வழியில் சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அந்த மலை. மேற்குச் சரிவில் குடைந்த சமணக் கோயிலான அறிவர் கோயிலின் ஓவியத்தைப் பார்ப்பார்கள். கால் வலு உள்ளவர்கள் மலைமேலுள்ள ஏழடிப்பட்டம் குகை வரை ஏறி வருவார்கள். பிள்ளைகள் பூங்காவில் விளையாடியதும் வண்டி கிளம்பிவிடும். மலையைச் சுற்றியுள்ள சமவெளியில் புதருக்குள் கிடக்கும் கல்வட்டங்களுக்காக யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. இந்த வரிசை சரிதானா? சித்தன்னவாசலின் பெருமை எதில் இருக்கிறது? நாம் காப்பாற்றிக்கொண்டிருப்பது அதைத்தானா?

புகழுக்குக் காரணமான ஓவியத்திலிருந்தே தொடங்கலாம். முன்மண்டபக் கூரையில் ஒரு தாமரைத் தடாகம். இலைகளுக்கும் பூக்களுக்கும் இடையே மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள். நீருக்குள் நின்று பூப்பறிக்கும் மூன்று மனிதர்கள். அவர்களில் ஒருவர் பறித்த தாமரையின் நீண்ட தண்டைத் தோள்மேல் சார்த்தியிருக்கும் விதத்தைச் சற்று நேரம் நின்று பாருங்கள். கையின் வளைவிலும் இடுப்பின் ஒசிவிலும் ஒரு கோடுகூடத் தயங்கவில்லை. தீர்த்தங்கரரின் அறவுரை கேட்கப் போகும் பவ்வியர்கள், அதாவது தகுதி பெற்ற அடியார்கள், கடந்து செல்ல வேண்டிய நீர்நிலை இது, அந்த அறவுரை நிகழும் சமவசரண மண்டபத்தின் ஒரு பகுதி என்று சமண மரபை அறிந்தவர்கள் விளக்குகிறார்கள். தூண்களில் இரண்டு ஆடல் மகளிர். ஒரு தூணில் அரசனும் அரசியும் என்று கருதப்படும் உருவங்கள். கருவறைக் கூரையில் கம்பள விரிப்பு போன்ற கோலம்.

இதைத் தென்னாட்டு அஜந்தா என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் பட்டம் இதற்குப் பொருந்தாது. அஜந்தாவில் ஏறக்குறைய முப்பது குகைகள். கதை சொல்லும் சுவர்கள். நூற்றாண்டுகள் இடைவிட்டு இருமுறை நடந்த பெரும்பணி. சித்தன்னவாசலில் மிஞ்சியிருப்பது ஒரு கூரையும் சில தூண் முகப்புகளும்தான். அளவை வைத்து ஒப்பிட்டால் இது தோற்கும். கோட்டின் உறுதியை வைத்து ஒப்பிட்டால் தோற்காது. ஆனால் ஒப்பீட்டுக்குத் தேவையே இல்லை. பனைமலையிலும் காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் எஞ்சிய பல்லவர் வண்ணங்களுக்கும் தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களுக்கும் நடுவே, பாண்டியர் பக்கத்திலிருந்து நமக்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்று இது. இந்தத் தகுதி ஒன்றே போதும்.

பாண்டியர் என்று துணிந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் து.அ. கோபிநாத ராவும் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேயும் இந்த ஓவியங்களை உலகின் கண்ணில் காட்டியபோது, இவை பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை என்ற கருத்து வேரூன்றியது. சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறிய குடைவரை அரசன் என்ற கதை அதற்கு வசதியாக இருந்தது. ஆனால் கோயிலின் முகப்பை ஒட்டிய பாறையில் ஒரு பாடல் கல்வெட்டு இருக்கிறது. அவனிபசேகரன் என்ற பட்டம் பூண்ட பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் உள்ளே புதுப்பித்து முகமண்டபமும் எடுத்தார் என்கிறது அது. 9ஆம் நூற்றாண்டு. குடைவு அதற்கும் முந்தியதாக இருக்கலாம். பிற்கால வண்ணத்துக்கு அடியில் பழைய பூச்சு ஒன்றும் தெரியவந்திருக்கிறது. ஆயினும் நாம் இன்று காணும் தடாகத்தைப் பல்லவனிடம் கொடுக்கக் கையில் ஆவணம் எதுவும் இல்லை. பாண்டியனிடம் கொடுக்கக் கல்லிலேயே எழுத்து இருக்கிறது. இரண்டையும் தட்டில் வைத்தால் எது தாழும் என்பதில் ஐயமில்லை.

இன்னொரு கதையும் அங்கே நாள்தோறும் சொல்லப்படுகிறது: வண்ணங்கள் எல்லாம் மூலிகைச் சாறு என்று. 1930களின் இறுதியில் வேதியியலாளர் எஸ். பரமசிவன் செய்த ஆய்வு வேறு விடை தந்தது. சுண்ணாம்பு வெள்ளை, கரிக் கறுப்பு, காவி மண்ணின் மஞ்சளும் சிவப்பும், கனிமப் பச்சை, கனிம நீலம். மூலிகைக் கதையால் ஓவியனுக்குப் பெருமை சேரவில்லை. எந்த மண்ணை எவ்வளவு அரைத்து எந்தச் சுதைமேல் ஏற்றினால் ஆயிரம் ஆண்டு நிற்கும் என்று தெரிந்திருந்த கைத்திறனைத்தான் அது மறைக்கிறது. வழிகாட்டிகளுக்கு முறையான பயிற்சி கொடுத்தால் ஒரே வாரத்தில் மறைந்துவிடக்கூடிய பிழை இது.

இன்று முகப்பில் நிற்கும் தூண் மண்டபம் பழையதல்ல. புதுக்கோட்டைச் சமஸ்தான காலத்தில், நிர்வாகியாக இருந்த அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் முயற்சியால், குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து எழுப்பினார்கள். ஒரு சின்னத்தைக் காக்க இன்னொரு ஊரின் தூண்களைப் பெயர்த்தது இன்றைய நெறிப்படி தவறு. ஆனால் வெயிலும் சாரலும் நேரே தாக்காமல் அந்தக் கூரையைக் காத்ததில் அந்த மண்டபத்துக்கும் பங்குண்டு என்பதை மறுக்க முடியாது.

ஏழடிப்பட்டத்துக்கு வருவோம். மலைமேல் ஏறிப் போனால் பாறை விளிம்பில், கீழே கிடுகிடு பள்ளம் இருக்க, இயற்கைக் குகை ஒன்று. உள்ளே வழவழப்பாகத் தேய்த்த 17 கற்படுக்கைகள், தலைமாட்டில் தலையணைபோல் உயர்த்திய கல்லோடு. அவற்றில் மூத்த படுக்கையின் ஓரத்தில் தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து, கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியது. எருமை நாட்டுக் குமிழூரில் பிறந்த காவுடி என்பவருக்குச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்று அது சொல்கிறது. எருமை நாடு இன்றைய மைசூர்ப் பக்கம் என்று கல்வெட்டறிஞர்கள் கருதுகிறார்கள். எங்கிருந்தோ வந்த துறவிக்கு உள்ளூர்க்காரர் கல் தேய்த்துக் கொடுத்ததும், கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் அவர் பிறந்த ஊரும் தமிழில் பதிவானதும், அத்தனையும் ஒரு படுக்கையின் விளிம்பில்! என் மதிப்பீட்டில், தமிழ் வரலாற்றுக்குத் தாமரைத் தடாகத்தைவிட எடை கூடியது இந்தச் சில சொற்கள்தான். மற்றப் படுக்கைகளின் பக்கத்தில் பிற்காலத்துத் துறவிகளின் பெயர்கள் 9ஆம் நூற்றாண்டு வரை தொடர்கின்றன. ஓர் இடம் ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டு ஒரே நோக்கத்துக்குப் பயன்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இந்தப் படுக்கைகளில் துறவிகள் வடக்கிருந்து, அதாவது உண்ணா நோன்பிருந்து, உயிர்விட்டார்கள் என்று உறுதியாகச் சொல்வார்கள், எழுதுவார்கள். திருநாதர்குன்றம் என்ற இன்னொரு சமணத் தலத்தில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் நோன்பிருந்து இறந்ததைக் கல்வெட்டே கூறுகிறது. சித்தன்னவாசலில் அப்படி ஒரு வரி இல்லை. சல்லேகனை எனப்படும் அந்த நோன்பு இங்கேயும் நடந்திருக்கலாம். ஆனால் கல் சொல்வது இருக்கையைப் பற்றி. சாவைப் பற்றி அது பேசவில்லை.

சாவைப் பற்றி உறுதியாகப் பேசுவது மலையடிவாரச் சமவெளி. பெருங்கற்கால ஈமக்காடு. முட்செடிக்கு நடுவே பாதி புதைந்த பாறைத் துண்டுகள் வட்டமாகக் கிடக்கும். வட்டத்துக்குள் நான்கு பலகைக் கற்களைச் செங்குத்தாக நட்டு, ஒன்றின் முனை மற்றதன் முதுகைத் தாங்குமாறு சுழற்றி நிறுத்தியிருப்பார்கள். மேலே கனத்த மூடுகல். சில அறைகளில் பலகையில் வட்டமாகத் துளையிட்டிருக்கும். ஒரு சிறுவன் தோளைக் குறுக்கினால் நுழையலாம். இடுதுளை என்று ஆய்வாளர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு கிடையாது, ஆணி கிடையாது. எடையை எடை தாங்குகிறது. திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போனால், இம்மாவட்டத்தில் கிடைத்த தாழிகளையும் கறுப்பு சிவப்பு மண்கலங்களையும் பார்க்கலாம்.

இந்த ஈமக்காடுகளுக்கு அறிஞர் துணை இல்லாமலும் இல்லை. சமஸ்தான காலத்திலேயே புதுக்கோட்டை மேனுவல் எழுதிய கே.ஆர். வேங்கடராம ஐயர் அவற்றைக் கவனத்தோடு பதிவு செய்தார். 1946இல் கே.ஆர். சீனிவாசன் தென்னிந்தியப் பெருங்கற்படை ஈமச்சின்னங்களையும் தாழிக்காடுகளையும் சங்கப் பாடல்களோடு வைத்துப் பார்த்து எழுதிய கட்டுரை இன்றும் இத்துறையில் தவிர்க்க முடியாதது. ஆனால் இறந்தவர்களை அறிந்த அளவுக்கு அவர்கள் வாழ்ந்த ஊர்களை நாம் அறியவில்லை. இதே மாவட்டத்துப் பொற்பனைக்கோட்டையில் 2021இல் நடந்த அகழாய்வும், அங்கே மாநிலத் தொல்லியல் துறை 2023இல் தொடங்கிய அகழாய்வும் அந்தக் குறையைப் போக்க எடுத்துவைத்த நல்ல அடிகள்.

கல்லறை மக்களும் சமணத் துறவிகளும் ஒரே மரபினர் என்று நான் வாதிடவில்லை. அதற்குச் சான்று போதாது. இரும்புக்கால ஈமக்காடு, தமிழி எழுதிய படுக்கை, பாண்டியர் ஓவியம் மூன்றும் நடந்து போகும் தூரத்துக்குள் ஒரே மலையைச் சூழ்ந்திருக்கின்றன என்பதே நான் சொல்வது. இந்தச் சேர்க்கைதான் சித்தன்னவாசல். ஓவியத்தை மட்டும் பிரித்தெடுத்துப் போற்றுவது, புத்தகத்தின் அட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டு ஏடுகளைக் கறையானுக்கு விடுவது போன்றது.

இதே மாவட்டத்து நார்த்தாமலையோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். ஒன்பது குன்றுகளின் தொகுதி அது. மேலமலையின் வெற்றுப் பாறைமேல் நிற்கும் விசயாலய சோழீச்சுரம் சோழன் பெயரைத் தாங்கியிருந்தாலும், அதை எடுப்பித்தவன் சாத்தன் பூதி என்கிறது கல்வெட்டு. மழையால் இடிந்தபோது மல்லன் விடுமன் புதுப்பித்தான். சதுர விமானத்துக்குள் வட்டக் கருவறை அமைத்த அந்தத் துணிவுக்கு இணையான கற்றளிகள் தமிழகத்தில் வெகு சிலவே. எதிரே பாறைச் சரிவில், 862ஐ ஒட்டிச் சாத்தன் பழியிலி குடைவித்த சிவன் குடைவரை. அதன் அருகே சமணர் குடகு. இன்று அதற்குள் 12 திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. சுனை, பாறை, கோயில், காடு எல்லாம் ஒரே பார்வையில் விழும். ஒருநாள் மட்டும் கையில் இருப்பவருக்குக் கலை நிறைவைத் தருவது நார்த்தாமலைதான். இதில் எனக்குத் தயக்கமில்லை. காலத்தின் ஆழத்தைத் தருவது சித்தன்னவாசல்.

இரண்டுக்கும் பொதுவான ஆபத்து ஒன்றுதான்: கல் குவாரி. புதுக்கோட்டைக் கல்லுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பும் மதிப்பு இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கே இந்தப் பக்கத்திலிருந்துதான் கல் போனது என்பார்கள். அன்று கைஉளி, இன்று வெடியும் கிரஷரும். தொன்மைச் சின்னங்களுக்கான 1958 சட்டத்துக்கு 2010இல் வந்த திருத்தம் மத்தியப் பாதுகாப்புச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்று வரையறுக்கிறது. ஒரு கோயிலுக்கு இது ஓரளவு போதும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சமவெளி முழுக்கச் சிதறிய கல்வட்டங்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. ஒவ்வொரு வட்டத்தையும் தனித்தனிப் புள்ளியாகப் பார்த்தால் இடையிலுள்ள நிலம் போகும். நிலம் போனால் ஈமக்காடு என்ற பொருளே போகும். கேள்வி கேட்பதும் எளிதல்ல. 2025 ஜனவரியில் திருமயம் பக்கத்தில், சட்டவிரோதக் குவாரிகள் மீது தொடர்ந்து புகார் கொடுத்துவந்த ஒருவர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். மலையைப் பற்றிப் பேசும் எந்தக் கட்டுரையும் இதைச் சொல்லாமல் நகரக் கூடாது என்று நினைக்கிறேன்.

மலையின் இயற்கையையும் அழகுபடுத்த வேண்டியதில்லை. மலையிலுள்ள நாவற்சுனையில் நீர் வற்றும்போதுதான் அதற்குள் மூழ்கிக் கிடக்கும் சிறு சிவன் குடைவரை வெளிப்படும். ஊற்று நீரும் மழை நீருமே அங்கே காலத்தைக் காட்டும் கருவிகள். பூங்காவையும் படகுக் குளத்தையும் நான் வெறுக்கவில்லை, பிள்ளைகள் வரட்டும். அவை ஈமக்காட்டின் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் கட்சி.

ஆகவே தீர்ப்பு இது. ஓவியத்தைக் காத்ததில், குறைகள் இருந்தும், சமஸ்தானமும் மத்தியத் தொல்லியல் துறையும் தேறிவிட்டன. கல்வெட்டை மக்களுக்குப் புரியவைப்பதில் பாதிதான் தேறியிருக்கிறோம். ஈமக்காட்டைக் காப்பதில் அரசும் மக்களும் ஒருசேரத் தோற்றுக்கொண்டிருக்கிறோம். மலையையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் ஒரே சின்னமாக அறிவித்து, கல்வட்டங்களின் வரைபடத்தை நுழைவுச்சீட்டு தரும் இடத்திலேயே பெரிதாக வைக்க வேண்டும். நீங்கள் அடுத்த முறை போகும்போது முதலில் சமவெளியில் நடந்துவிட்டு, பிறகு ஏழடிப்பட்டம் ஏறி, கடைசியாக ஓவியத்துக்கு வாருங்கள். வழியில் கல்வட்டத்துக் கல் எதையும் நகர்த்தாதீர்கள். புதிதாகப் பெயர்த்த கல்லையோ உடைந்த தாழியையோ கண்டால் கிராம நிர்வாக அலுவலருக்கோ திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கோ அன்றே தெரிவியுங்கள்.