தோடியின் மேல் தூசு

தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் பழைய இசைத்தட்டுக்கு இரண்டு எதிரிகள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூக்கும் பூஞ்சணம் ஒன்று, அறுவடைக் காலத்து நெல்தூசு மற்றொன்று. வரிப்பள்ளத்தில் இறங்கிவிட்டால் இரண்டுமே ஊசிக்கடியில் சடசடக்கும்.

துடைக்குமுன் தட்டு எந்த வகை என்று பார்த்துவிட வேண்டும். கனமாக, கைதவறினால் நொறுங்குவதாக, பக்கத்துக்கு மூன்று நிமிடம்போல ஓடுவதாக இருந்தால் 78 சுற்று அரக்குத் தட்டு. நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் ஊர்ஊராகப் போனது இந்த அரக்கில்தான். இதில் ஆல்கஹால் படவே கூடாது. அரக்கு கரைந்துவிடும், நாதஸ்வரமும் அதோடு போகும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் 1963 சுப்ரபாதம் போன்ற எல்.பி.க்கள் வினைல், அவை கொஞ்சம் தாங்கும்.

உலர்ந்த தூசை மென்தூரிகையால் தள்ளிவிட்டு, பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே சொட்டு. போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்பு வெள்ளையாக நிற்கும். பழைய மல் வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து வரியோடு வரியாக, வட்டமாகத் துடைக்க வேண்டும். நடுவிலுள்ள லேபிள் காகிதம்; அதில் ஈரம் ஏறக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு துடைப்பு.

எனக்குப் பிடித்த கட்டம் இதன் பிறகு வருவது. ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்தால், உரத்து வாசித்த இடத்தில் வரிகள் நெளிந்து மின்னும். தணிந்த இடம் வழுவழுவென்று கறுத்திருக்கும். வாசிப்பின் ஏற்ற இறக்கத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்! நிழலில் நிறுத்திக் காயவைத்துப் புது உறையில் போடுங்கள். பழைய உறைக்குள் பூஞ்சணம் இன்னும் இருக்கும்.