மலைமேல் ஒரு கடல்

ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை வந்தால், நண்பர் வீட்டுக் கூடத்தில் கடல்! கண்ணாடித் தொட்டியில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு, நடுவே பாறை. கடலில் பெயர்த்த பவளமல்ல. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைத் தொடக்கூடாது. சிமென்டும் சிப்பித்தூளும் கல்லுப்பும் பிசைந்து அவரே வார்த்தது. உப்பு கரைந்த இடமெல்லாம் துளை. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அங்கேதான் குடியேறும். சிமென்டின் காரம் இறங்க, வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்தாராம். உள்ளூர்க் கூழாங்கல் ஆற்றின் கல் வழவழவென்று அழகுதான், ஆனால் நுண்ணுயிர் குடியேற உதவாது. மணல் கொட்டுமுன்பே பாறையைக் கண்ணாடித் தரையில் ஊன்றியிருப்பதால், மீன் தோண்டினாலும் சரியாது. பழக்கடைக் குவியலாக அடுக்காமல், ஒருபக்கம் சாய்த்து நடுவில் குகை விட்டாரே, அதுதான் கைத்திறன். மீனொன்று அதில் நுழைந்து மறுபக்கம் வந்தபோது, சிமென்ட் என்பதே எனக்கு மறந்துபோனது.