நிழல் தாங்கும் எழுத்துகள்

கணிப்பொறித் திரை முழுவதும் புள்ளிகளே. பிக்சல் எனப்படும் அப்புள்ளி ஒவ்வொன்றும் பொறியைப் பொறுத்தவரை ஒளியின் அளவைக் குறிக்கும் எண். அதற்கு மேல் பொருளில்லை. பொருளற்ற புள்ளிகளிலிருந்து மனிதரைத் தொடும் கலை பிறக்குமா? பிறக்கும் என்பதற்குச் சான்றாகக் கமீல் அட்டர்பேக்கும் ரோமி அகிடூவும் 1999-இல் படைத்த 'டெக்ஸ்ட் ரெயின்' எனும் எழுத்து மழையை நாம் கொள்ளலாம். இன்று அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் கலை அருங்காட்சியகத் தொகுப்பில் உள்ளது.

பெரிய திரையின்முன் நிற்பவர் கண்ணாடியில் போலத் தம் உருவத்தைக் கறுப்பு வெள்ளையில் காண்கிறார். மேலிருந்து வண்ண எழுத்துகள் இறங்குகின்றன. தலையிலும் தோளிலும் நீட்டிய கையிலும் பட்டவை அங்கேயே தங்குகின்றன, கையை உயர்த்தினால் உயர்கின்றன, விலக்கினால் விழுகின்றன. இதற்குரிய விதி மிக எளியது. ஒவ்வோர் எழுத்துக்கும் அது நிற்கும் இடத்துப் புள்ளியை நிரல் ஆராய்கிறது. புள்ளி வெளிச்சமாயின் எழுத்து இறங்கும். குறித்த அளவைவிட இருண்டதாயின் நிற்கும். இருள் மேலெழுந்தால் தானும் மேலேறும். மனிதக் கையா, குடையா, விரித்த துணியா என்பதை அது அறியாது.

இந்த அறியாமையில் ஓர் அழகுண்டு. சிறுவர், முதியவர் என்ற வேற்றுமையை அது பார்ப்பதில்லை. முன்பின் அறியாத இருவர் கைகோத்தால் எழுத்துகள் தங்க இடம் அகலமாகிறது. ஆனால் இதிலேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெண்ணிற ஆடை வெண்பின்னணியோடு கலந்துவிட்டால் அங்கே எழுத்து நில்லாது. யார் தெரிவர், யார் மறைவர் என்பதை ஓர் எண் முடிவு செய்கிறது. அந்த எண்ணை வைத்தவரோ மனிதரே. புள்ளிகளைக் கொண்டு மனிதரை அடையாளம் காணும் காமிராக்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் இது விளையாட்டுச் செய்தியன்று.

அதே 1999-இல் டேனியல் ரோசின் அமைத்த 'மரக் கண்ணாடி'யில் 830 மரத்துண்டுகளே புள்ளிகள். மோட்டார்கள் அவற்றைச் சாய்த்து, எதிரே நிற்பவரின் உருவை ஒளி நிழலாய்த் தீட்டுகின்றன. வியக்கத்தக்க கைவினைதான், எனினும் அது நம்மை நமக்கே காட்டுவதோடு நின்றுவிடுகிறது. எழுத்து மழை நம்மிடம் ஒன்றைக் கேட்கிறது. விழும் எழுத்துகள் ஈவன் சிம்ராத் என்னும் கவிஞரின் வரிகள். உடலையும் மொழியையும் பற்றியவை. துள்ளி விளையாடுவோர்க்கு எழுத்துகள் மட்டுமே அகப்படும். கைகளை நீட்டிப் பொறுமையோடு காத்திருப்பவர்க்கே சில வேளைகளில் ஒரு முழுச் சொல் வாய்க்கும்.

குறையும் இங்கேதான். விளையாட்டின் இன்பம் மிகுவதால், தம் தோளில் நிற்பது ஒரு கவிதை என்பதைப் பலரும் உணராமலே போய்விடக்கூடும். படிக்கச் சொல்லி அவர்களைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாடு எதுவும் படைப்பில் இல்லை. அவ்வுரிமையை வழங்கியதை நாம் குறையென்று தள்ளாமல், கலைஞர்கள் நம்மீது வைத்த நம்பிக்கையென்றே கொள்கிறோம். நின்று படிப்பதா, நகர்ந்து செல்வதா என்பதை நிரல் நமக்காக முடிவு செய்யவில்லை. புள்ளிக்குப் புள்ளி விதியால் ஆன ஒரு படைப்பில் விதிக்கப்படாமல் விடப்பட்ட இடம் அது ஒன்றே.