செவிவழிப் படிப்பும் தமிழ் மின்பதிப்புகளும்

ஒரு நூற்பதிப்பின் தகுதியை ஆராயப் புகுவோர், அதன் பாடம் தூயதா, சுவடிகள் ஒப்புநோக்கப்பெற்றனவா, அடிக்குறிப்புகள் முறையாக உள்ளனவா என்பனவற்றை வினவுவர். அப்பதிப்பினைச் செவியாற் படித்தல் கூடுமா என வினவினோரை யாம் அரிதாகவே கண்டுளோம். இன்று தமிழ் நூல்கள் பெருந்தொகையாகக் கணினியில் ஏறியுள்ளன. பார்வையற்ற மாணவரும் தமிழாய்வில் ஈடுபட்டுள்ளனர். ஆதலின் அவ்வினா பதிப்பியலுக்குப் புறம்பானது அன்று என்பது எம் கருத்து.

இவ்வெண்ணம் எமக்குத் தானாகத் தோன்றியதன்று. ஆர்க்காட்டை அடுத்து, தோல் வணிகத்தாற் பெயர்பெற்ற மேல்விஷாரத்தைச் சேர்ந்த பார்வையற்ற ஆய்வு மாணவர் ஒருவர், சீறாப்புராணம் பற்றி ஆராய்பவர், எம் முனைவர் பட்ட ஆய்வேட்டின் கணினிப் படியை வேண்டினார். மகிழ்வுடன் அளித்தோம். மறுவாரம் அவர் எம்மை அருகில் அமர்த்தி, தம் கணினியை அதனைப் படிக்கச் செய்தார். தமிழ் ஒன்றும் கேட்கவில்லை. பொருளற்ற ஆங்கில ஒலிகளே தொடர்ந்து வந்தன. திருக்குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் ஏற்றிய ஹாபிழ்கள் வாழும் அவ்வூரில், செவிவழிக் கல்வி புதுமையன்று. குறை மாணவரிடத்து இல்லை. எம் ஏட்டில் இருந்தது.

காரணத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். எம் ஆய்வேடு 'பாமினி' என்னும் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பெற்றது. அதில் 'தமிழ்' எனக் கண்ணுக்குத் தோன்றுவது, கணினிக்குள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே ஆகும். ஆங்கில எழுத்துகளின்மீது தமிழ் வடிவத்தைப் போர்த்தியதே அவ்வெழுத்துரு. கண் போர்வையைக் காண்கிறது. திரை வாசிப்பான் என்னும் மென்பொருளோ போர்வைக்குள் இருப்பதைப் படிக்கிறது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் உருவாக்கத் தொடங்கி, இன்று விலையின்றிக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்பது அவ்வகை மென்பொருள்களுள் ஒன்று. தமிழை ஒலிக்கும் குரலும் அதற்கு உண்டு. தமிழெழுத்தைத் தமிழெழுத்தாகவே கொடுத்தால் அது படிக்கும். யாம் கொடுத்திலோம்.

ஒருங்குறியில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்தது. தமிழ்நாட்டரசு 2010-இல் அதனை ஏற்று ஆணையிட்டது. இவ்வளவும் நிகழ்ந்த பின்னரும் பழைய எழுத்துருக்களிலேயே ஆய்வேடுகளும் மலர்களும் அச்சுக்குச் சென்றன. தாளில் அழகாக விழுந்தது போதும் என்று நாம் இருந்துவிட்டோம்.

எழுத்துருத் தடை நீங்கிய இடத்திலும் வேறு குறைகள் எஞ்சுகின்றன. அவற்றுட் சில பழஞ்சுவடிச் சிக்கல்களை ஒத்திருத்தல் வியப்பிற்குரியது. ஓலையிற் புள்ளி இடப்பெறுவதில்லை. எகர ஏகார வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவின. சாமிநாதையர் முதலியோர் பொருளையும் யாப்பையும் துணைக்கொண்டு இவற்றைத் தெளிந்தனர். இன்றைய மின்பதிப்பில் ஔகாரத்தின் நிலையை நோக்குக. 'கௌதமன்' என எழுதுவோருட் பலர் ககரத்தின் முன் ஒற்றைக்கொம்பும் பின் ளகரமும் இடுகின்றனர். கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. திரை வாசிப்பானோ 'கெ, ள, தமன்' எனப் பிரித்து ஒலிக்கும். ஔவையார் 'ஒ, ள, வையார்' ஆகிவிடுகிறார். ககரமும் தமிழ் எண் ஒன்றும், உகரமும் எண் இரண்டும் தம்முள் மயங்குதலும் இத்தகையதே. ஓலையை ஆய்ந்தவர்க்கு மதி துணைநின்றது. கருவிக்கு அத்துணை இல்லை. கண்ணாற் படிப்போர் பல ஆண்டுகள் காணாது விட்ட பிழையைச் செவியாற் படிப்பவர் முதல் வாசிப்பிலேயே கண்டுகொள்கிறார் என்பதும் இதனாற் பெறப்படும்.

அடுத்து நூலின் அமைப்பு. அச்சில் மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் அமைப்பது வழக்கம். எழுத்துணரியின் வழியே அதனைக் கணினியில் ஏற்றுங்கால் அவ்வேறுபாடு மறைந்துபோகிறது. பக்கந்தோறும் தலைப்பில் அச்சிட்ட நூற்பெயரும் பக்க எண்ணும் வாக்கியத்தின் நடுவே புகுகின்றன. அடிக்குறிப்பு, பாட்டின் ஈற்றடியோடு ஒட்டிக்கொள்கிறது. சீறாப்புராணம் மூன்று காண்டங்களில் 5,027 பாடல்களை உடையது. காண்டம், படலம் ஆகியவற்றின் பெயர்களைத் தலைப்பு எனக் கணினி அறியுமாறு குறித்திருந்தால், ஒரு விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்பிற்குத் தாவலாம். வெறுமனே தடித்த எழுத்தில் இட்டுவிட்டால், ஹிஜ்றத்துக் காண்டத்தில் ஒரு பாடலைத் தேட முற்பகுதி முழுவதையும் கடக்க நேரும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தட்டச்சு செய்வோர்க்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

நூலைப் பக்கப் படமாக வைத்தலே நம்பத்தக்கது, தட்டச்சு செய்யின் பிழை மலியும் என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. பாடத்தை ஐயுறுவார்க்குப் பக்கப் படமே சான்று. எனினும் படம் மட்டும் உள்ள நூல் திரை வாசிப்பானுக்கு வெற்றுத்தாள். படமும் பாடமும் ஒருங்கே இருத்தல் வேண்டும் என்பதே எம் துணிபு. 1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், தன்னார்வலரின் உழைப்பால் இலக்கியங்களை எழுத்தாகவே ஏற்றியது. அதிலும் பிழைகள் உண்டு. ஆயினும் படிக்க இயலும் பிழையுள்ள நூலைத் திருத்திக்கொள்ளலாம்.

பழங்காலத்தில் அந்தகக்கவி வீரராகவ முதலியாரும், பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலரும் கணினியின்றியே புலமை பெற்றிலரோ எனச் சிலர் கேட்பர். பெற்றனர். அவர்களுக்குப் படித்துக் காட்டுவார் வாய்த்தனர். வாய்க்காதோர் எத்துணையர் என்பதற்குத்தான் இலக்கிய வரலாற்றில் இடமில்லை. இரவு பதினொரு மணிக்கு ஒரு சொல்லின் ஆட்சியை மீண்டும் பார்க்க விரும்பும் ஆய்வாளர் எவரை எழுப்புவார்?

சட்டம் தடையாக நிற்கிறது என்றும் கூறுதற்கில்லை. 2012-இல் திருத்தப்பெற்ற பதிப்புரிமைச் சட்டம், பார்வையற்றோர் படித்தற்கேற்ற வடிவில் நூலை மாற்ற இசைவளிக்கிறது. 2013-ஆம் ஆண்டின் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதன்முதலாக உறுதிசெய்த நாடு இந்தியாவே. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் உண்டு. இனி வேண்டுவது, ஆய்வேட்டினை ஏற்கும் துறைகள் ஒருங்குறிப் படியைக் கேட்டு வாங்குதலும், மதிப்புரை எழுதுவோர் மின்பதிப்பைச் சில பக்கமேனும் செவியாற் கேட்டுப் பார்த்தலுமேயாம்.

எம் ஆய்வேட்டை ஒருங்குறிக்கு மாற்றினோம். மாற்றிய மென்பொருள் சில கூட்டெழுத்துகளைச் சிதைத்தது. அவற்றைக் கையால் திருத்தினோம். அம்மாணவர் முதலிரண்டு இயல்களையும் கேட்டு முடித்து, யாம் மேற்கோளாக எடுத்தாண்ட பாடல்களுள் இரண்டில் சீர் ஒவ்வொன்று விடுபட்டிருத்தலைச் சுட்டினார். ஓசை இடறியதாம். ஆய்வேட்டை மதிப்பிட்டோரும் அதனைக் கண்டிலர், யாமும் கண்டிலோம். மூன்றாம் இயல் இப்பொழுது அவர் கையில் உள்ளது.