மாத்திரையும் பிசியோவும் ஒரே கணக்கா?

கொரோனாவுக்குப் பிறகு பிசியோதெரபிக்குத் தேவை கூடிடுச்சுன்னு பரவலா சொல்றாங்க. நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கொஞ்ச நாள் அலைஞ்சு குறிப்பு எடுத்த பிறகு, அந்த வாக்கியத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கூடியது தேவையா, இல்லை பதிவேட்டில் ஏறிய எண்ணிக்கையா?

என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். சித்தப்பா முப்பது வருஷம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். 2020 ஜூனில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ் கிடையாது, ஈ-பாஸ் வேணும், விசாரித்த இடமெல்லாம் பூட்டு. பக்கவாதத்துக்குப் பிறகு உடம்பு வேகமாகத் திரும்பக் கற்றுக்கொள்வது முதல் மூன்று மாதத்தில்தான். அதில் இரண்டு மாதம் அப்படியே போச்சு. போதாததுக்கு, விழுந்த கையைப் பிடிச்சு இழுத்துத்தான் அவரை எழுப்பி உட்கார வைச்சோம். அப்படி இழுத்தால் தோள் மூட்டு கெடும்னு எங்களுக்கு யாரும் சொல்லலை. ஒரு பிசியோ வந்து பார்த்தபோது தோள் இறுகியிருந்தது.

அந்த இரண்டு மாதமும் சித்தப்பா எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கதவு பூட்டியிருந்தால் பதிவேடு காலியாகத்தான் இருக்கும். அதைத் ‘தேவை குறைந்தது’ என்று படித்தால், பிறகு கதவு திறந்ததும் ‘தேவை கூடியது’ என்றுதான் படிக்க வேண்டியிருக்கும். இரண்டுமே தப்பு. வந்தது பழைய தேவைதான். தாமதத்தால் கனத்துப்போய் வந்தது.

புதுசா எதுவுமே வரலைன்னு சொல்லலை. ஐ.சி.யூ.வில் கிடந்து தசை கரைந்தவர்கள், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குபவர்கள் புதியவர்கள்தான். ஆனால் மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கு. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் பெண்களின் கழுத்து, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி ஓட்டும் தறிக்காரர்களின் இடுப்பு. ஊருக்கெல்லாம் கட்டுத்துணி நெய்கிறவர்கள் தங்கள் வலிக்குத் தைலமும் ஊசியும்தான் தேடுகிறார்கள். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. தொற்றுக்கு முன்னும் பின்னும் இவர்கள் கணக்கில் இல்லை. கேட்காத தேவைக்கு வரைபடத்தில் கோடு கிடையாது.

இனி அரசின் பக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரையோடு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும் என்றார்கள். வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட். 2024-ல் ஐ.நா. பணிக்குழுவின் விருதும் கிடைத்தது. இதை நான் குறைச்சுப் பேசப்போறதில்லை. வீட்டுக்கு வரும் பிசியோ என்பது அதுவரை காசு உள்ளவங்களுக்கு மட்டும்தான்.

என் குறை கணக்கு எழுதும் முறையில். திட்டத்தின் அறிக்கைகள் ‘முதல்முறை சேவை’, ‘தொடர் சேவை’ என்று பிரித்து எண்ணி, எல்லாச் சேவைகளையும் கூட்டி மொத்தம் சொல்கின்றன. மாத்திரைக்கு இது பொருந்தும். மாதாமாதம் தொடர்ந்து வாங்கினால் அதுவே வெற்றி. பிசியோவுக்குப் பொருந்தாது. ஒருவர் நடக்க ஆரம்பித்ததால் சேவை நின்றிருக்கலாம், வெறுத்துப்போய் விட்டிருக்கலாம், பிசியோவால் அடுத்த தெருவைத் தாண்டி வர முடியாமல் போயிருக்கலாம். மூன்றும் ஏட்டில் ஒரே வெற்றிடம்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒருவர் நாளைக்கு ஆறு வீடு, வாரத்துக்கு ஆறு நாள் போகிறார்: 36 வருகை. பக்கவாத நோயாளிக்கு வாரம் மூன்று முறை என்றால் 12 பேரைத்தான் பார்க்க முடியும். மலையடிவாரத்திலிருந்து கரிசல் காடு வரை பரந்து கிடக்கும் ஒரு வட்டாரத்தில் 12 பேர்! மாதம் ஒருமுறை என்று மாற்றினால் நூற்றுக்கு மேல் பேரைத் தொட்டுவிடலாம். எண்ணிக்கை அழகாகும், தோள் இறுகும். பாவம், அந்தப் பிசியோ மேல் தப்பே இல்லை. எதை எண்ணுகிறோமோ அதைத்தான் செய்யச் சொல்கிறோம்.

அப்ப எதை எண்ணுவது? சித்தி ஒரு பழைய கணக்கு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார்: ‘இன்னைக்கு சட்டை பட்டன் ரெண்டு போட்டாக’, ‘வாசப்படி வரைக்கும் கம்பு இல்லாம’, ‘ஒண்ணும் செய்யல, கோவம்’. எந்த அலுவலகப் படிவத்தைவிடவும் அதில் தகவல் அதிகம். தானாக எழுந்து உட்கார்ந்தாரா, கழிப்பறைக்குப் போனாரா, சோறு பிசைந்து தின்றாரா என்று நாலைந்து கேள்விகள் போதும். மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரே கேட்டு எழுதலாம். வீட்டாருக்கு எப்படித் தூக்குவது என்று முதல் வாரமே சொல்லிக்கொடுத்ததையும் ஒரு சேவையாக எண்ணலாம். இதற்குப் பெரிய செலவு இல்லை.

வட்டாரத்துக்கு ஒருவர் போதுமா என்ற கேள்வி அதற்குப் பிறகும் இருக்கும். ஆனால் அந்த நோட்டு மாதிரி ஒன்று கையில் இருந்தால்தான் ‘போதாது’ன்னு ஆதாரத்தோட கேட்க முடியும்.

சித்தப்பா இப்ப கம்பு ஊன்றி டீக்கடை வரை போய் வருகிறார். வலது கை தோளுக்கு மேல் போகாது. சட்டையை இன்னமும் சித்திதான் மாட்டிவிடுகிறார்.