கரஸ் எம்.ஏ.யும் முதுமாணியும்

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டதாரி ஆசிரியர் "கரஸ்ல எம்.ஏ. ஹிஸ்டரி போட்டிருக்கேன்" என்றால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அஞ்சல்வழிப் படிப்பு: பாடப் புத்தகங்கள், ஒருசில தொடர்பு வகுப்புகள், கடைசியில் மூன்று மணி நேரத் தேர்வுகள். இதே படிப்பை யாழ்ப்பாணத்தில் முதுமாணி என்பார்கள். வேறுபாடு பெயரோடு நிற்கவில்லை.

நம் பக்கம் வழி அகலமானது. சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலேயே தொலைதூரக் கல்விக்குத் தனி நிறுவனம் வைத்தது. பள்ளி வேலையை விடாமல் படிக்கலாம். பத்தாம் வகுப்புவரை சமூக அறிவியல் எடுப்பவர் மேல்நிலை வகுப்புக்குப் போக இந்தப் பட்டம் வேண்டும். உயர்படிப்புக்கான ஊக்க ஊதிய உயர்வு 2020இல் நிறுத்தப்பட்டபின் பதவி உயர்வுதான் பெரிய தூண்டுதல்.

இலங்கையின் தகைமைக் கட்டமைப்பு முதுமாணியை இரண்டு படியாகப் பிரிக்கிறது. வகுப்பும் பரீட்சையும் மட்டும் என்றால் 30 கிரெடிட், ஒன்பதாம் மட்டம். ஆய்வும் சேர்ந்தால் 60, பத்தாம் மட்டம். வேலை பார்த்துக்கொண்டே ஆய்வேடு எழுதுவது பெரும்பாடு. ஆனாலும் எழுதியவருக்கும் எழுதாதவருக்கும் ஒரே மதிப்பில்லை என்று அங்கே எழுத்திலேயே இருக்கிறது. நம் அஞ்சல்வழி எம்.ஏ.யில் பெரும்பாலும் தேர்வுத்தாள்தான் எல்லாம். இதுதான் எனக்கு வருத்தம்.

ஏனென்றால் காஞ்சிபுரத்தில் ஆய்வுக்கான மூலங்கள் நடந்துபோகும் தூரத்தில் கிடக்கின்றன. வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் சிங்கத் தூண்களைத் தாண்டி உள்சுவரைப் பாருங்கள்: பல்லவ அரசன் வாரிசின்றி இறந்ததும் ஊராரும் அமைச்சரும் இரணியவர்மனிடம் போய், அவருடைய பன்னிரண்டு வயது மகனை அழைத்துவந்து நந்திவர்மனாக முடிசூட்டிய கதை வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. சில சிற்பங்களின் கீழே கல்வெட்டு வரிகளும் உண்டு. கல் பொரிந்து முகங்கள் மங்கிவருகின்றன. சி. மீனாட்சி இந்தச் சிற்பங்களைப் பற்றி எழுதிய நூல், அவர் மறைந்தபின் 1941இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு மாறியதையெல்லாம் ஓர் உள்ளூர் ஆசிரியர் சனிக்கிழமைகளில் வந்து குறித்துவைக்கலாமே!

இலங்கை ஆசிரியரும் இதில் சேரலாம். இலங்கை இளவரசன் மானவம்மன் நரசிம்ம பல்லவனிடம் அடைக்கலமாக இருந்து, பல்லவப் படையோடு போய் அரியணை பிடித்ததாக இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. பல்லவரின் காசாக்குடிச் செப்பேடோ நரசிம்மன் இலங்கையை வென்றான் என்கிறது. உதவியா, வெற்றியா? காஞ்சி ஆசிரியர் ஒருவரும் யாழ்ப்பாண ஆசிரியர் ஒருவரும் இந்த ஒரே கேள்வியை எடுத்து ஆளுக்கு ஐம்பது பக்கம் எழுதினால், அதற்கு மதிப்பெண் தர நம் எம்.ஏ.யிலும் ஓர் இடம் வேண்டும்.